சர்ச்சில் வார் ரூம்ஸ், லண்டன்: தளபதிகளின் சண்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

இரண்டாம் உலகப் போரை எப்படி நடத்துவது என்பதில் பிரிட்டிஷ் பிரதமரும் தளபதிகளும் மோதிக்கொண்ட அறையை, அதே மேசை நாற்காலிகளோடு பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கருவூலக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் சர்ச்சில் வார் ரூம்ஸ் அப்படிப்பட்ட ஓர் இடம். இம்பீரியல் வார் மியூசியம் இதை 1984 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 30 பவுண்டைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்கு இது தகுமா என்றால், அறைகளுக்குத் தாராளமாகத் தகும். ஆனால் அந்த அறைகளுக்குள் நடந்த சண்டையை மியூசியம் பாதிதான் சொல்கிறது. மீதியை நீங்கள் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். இந்த மதிப்புரை அதற்காகத்தான்.

முதலில் போகும் வழி. வெஸ்ட்மின்ஸ்டர் ட்யூப் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை. கிங் சார்ல்ஸ் ஸ்ட்ரீட்டின் கடைசியில் கிளைவ் ஸ்டெப்ஸ் என்ற படிக்கட்டு. மேலே ராபர்ட் கிளைவ் சிலையாக நிற்கிறார், பீடத்தில் வெண்கலப் புடைப்புச் சித்திரங்கள். அவற்றில் ஒன்று 1751 ஆற்காடு முற்றுகை. நம்மூர்க்காரர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு இறங்கலாம். படிகளின் அடியில்தான் நுழைவாயில்.

நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். நாளின் முதல் ஸ்லாட் நல்லது. தாழ்வாரங்கள் குறுகலானவை, பாதை ஒரே திசையில் போகிறது. பதினொரு மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நிற்கவே இடம் கிடைக்காது. பெரிய பெட்டிகளோடு வராதீர்கள். ஆடியோ கைடு கட்டணத்திலேயே சேர்த்தி. தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறது, வேகமும் நிதானம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு லிஃப்ட் உண்டு. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே போனதும் சீக்கிரமே வருவது போர் அமைச்சரவை அறை. இதைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கே இரண்டு நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேசைகள் நடுவில் வெற்றிடம் விட்டுச் சதுரமாகப் போடப்பட்டிருக்கின்றன. உலக வரைபடத்துக்கு முன்னால் இருக்கும் மர நாற்காலி சர்ச்சிலுடையது. அதற்கு நேர் எதிரே முப்படைத் தளபதிகளின் இடம். அமைச்சர்கள் பக்கவாட்டில் சுற்றி. பிரதமர் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுவது அந்த மூன்று பேர் முகம்தான். நாற்காலியின் கைப்பிடிகளில் கீறல்கள் இருக்கின்றன, நகத்தாலும் மோதிரத்தாலும் அவர் கீறியவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவ்வளவு எளிதில் தெரியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தால் தெரியும். இந்த அறையில் மொத்தம் 115 அமைச்சரவைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன.

ஒரு சிறு எச்சரிக்கை. அறை 1940 அக்டோபர் நடுவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ஆயத்தமான நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய முப்படைத் தலைவர்கள் தரைப்படைக்கு டில், கடற்படைக்கு பவுண்ட், விமானப்படைக்கு நியூவல். சர்ச்சிலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய ஆலன் புரூக் டில்லின் இடத்துக்கு, தரைப்படைத் தலைவராக, வந்தது 1941 டிசம்பரில். இந்த விவரம் தெரியாமல் போனால் எல்லா மோதலும் இரண்டே மனிதர்களுக்கு இடையில் நடந்தது போலத் தோன்றிவிடும்.

மோதலின் இயந்திரம் எப்படி ஓடியது என்பது தெரிந்தால் மற்ற அறைகள் தாமாகவே பேசத் தொடங்கும். 1940 மே மாதம் பிரதமரானபோதே சர்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். தனி அமைச்சகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜெனரல் இஸ்மேயும் ஒரு சிறிய அலுவலகமும்தான். பிரதமருக்கு ஒரு யோசனை தோன்றினால் குறிப்பாக எழுதி அனுப்புவார். அவசரமானால் அதில் "இன்றே நடவடிக்கை" என்ற சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். குறிப்பு இஸ்மே வழியாகத் தளபதிகள் குழுவுக்குப் போகும். அவர்கள் காலையில் கூடி, கூட்டுத் திட்டப் பிரிவிடம் கொடுப்பார்கள். அந்தப் பிரிவினர் எத்தனை கப்பல், எத்தனை தரையிறங்கு படகு, எந்தத் துறைமுகம், விமானப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்குப் போட்டு எழுதித் தருவார்கள். பெரும்பாலும் "முடியாது" என்றோ "இப்போது முடியாது" என்றோ வரும். இரவு பத்து மணிக்கு மேல் பாதுகாப்புக் குழு கூடும், நள்ளிரவு தாண்டியும் வாதம் நீளும். சர்ச்சில் மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவார். தளபதிகளுக்கு அந்த வசதி கிடையாது, மறுநாள் காலையில் அவர்களுக்குக் கூட்டம் காத்திருக்கும். புரூக்கின் நாட்குறிப்பில் தெரியும் எரிச்சலில் ஒரு பங்கு வெறும் தூக்கமின்மை.

இந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. எல்லாம் எழுத்தில் வந்தது. வாய்ச்சண்டை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் மறுநாள் காகிதத்தில் காரணம் காட்டியாக வேண்டும். சர்ச்சில் விரட்டுவார், சலிப்பார், சீறுவார். ஆனால் முப்படைத் தளபதிகளும் ஒரே குரலில் மறுத்தால், ராணுவ விஷயத்தில் அவர்களை மீறி உத்தரவு போட மாட்டார். அதன் வேர் 1915-இல் இருக்கிறது. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபோலியில் நடந்து தோல்வியில் முடிந்த போரின்போது அவர் கடற்படை அமைச்சர். கடற்படைத் தலைவர் ஃபிஷர் அந்த மே மாதம் ராஜினாமா செய்தார், சர்ச்சிலும் பதவி இழந்தார். நிபுணரின் சம்மதம் இல்லாமல் போருக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவர் தன் உடம்பிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவர்.

இங்கேதான் மியூசியத்தின் மீது முதல் குறை. பாதையின் நடுவில் 2005-இல் திறந்த சர்ச்சில் அருங்காட்சியகம் வருகிறது. அது அவருடைய வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சொல்லாமல் 1940-இல் தொடங்கி, இறப்பு வரை போய், பிறகு இளமைக்குத் திரும்புகிறது. ஆகவே கலிபோலி கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது. அதற்குள் கால் வலிக்கத் தொடங்கிவிடும், கூட்டமும் மெலிந்துவிடும். இந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் நேராக முதல் உலகப் போர்ப் பகுதியைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு 1940-க்குத் திரும்பி வாருங்கள். கூடம் திறந்த அமைப்பில் இருப்பதால் இது முடியும். கூடத்தின் நடுவில் 15 மீட்டர் நீள மின்மேசை இருக்கிறது. தேதியைத் தொட்டால் ஆவணங்களும் படங்களும் வரும். நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் கூட்டம் இருந்தால் பக்கத்தில் போக முடியாது.

அதைவிடப் பெரிய குறை, இது ஒருவருடைய வாழ்க்கைக் கூடம். எதிர்த்து நின்றவர்களுக்கு அதில் கிடைக்கும் இடம் குறைவு. மத்திய கிழக்குப் படைத் தலைவராக இருந்த வேவல், தரைப்படைத் தலைவர் டில், வேவலுக்குப் பின் வந்த ஆக்கின்லெக் மூவரும் ஏன் மாற்றப்பட்டார்கள் என்பது இங்கிருந்து வெளியே வருகிற சராசரிப் பார்வையாளருக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று பதவி நீக்கங்களில்தான் அரசியல் தலைமையும் ராணுவத் தலைமையும் எங்கே, எதனால் முட்டிக்கொள்கின்றன என்பது அடங்கியிருக்கிறது.

வேவல் கதையைப் பாருங்கள். 1941 மே மாதம் சர்ச்சில் பெரிய ஆபத்தை ஏற்று, மத்தியதரைக் கடல் வழியாகவே ஒரு கப்பல் தொடரை எகிப்துக்கு அனுப்பினார். 295 டாங்கிகள் ஏற்றப்பட்டன. ஒரு கப்பல் மூழ்கியதில் 57 போக, 238 டாங்கிகள் அலெக்சாண்டிரியாவில் இறங்கின. பிரதமருடைய கணக்கில் இறங்கியது 238 டாங்கி, ஆகவே உடனே தாக்க வேண்டும். தளபதியின் கணக்கு வேறு. கப்பலிலிருந்து இறங்கிய டாங்கி பாலைவனத்தில் ஓட வேண்டுமானால் தூசி வடிகட்டி பொருத்த வேண்டும், பட்டறையில் பழுது பார்க்க வேண்டும், புது வண்டியைக் குழுவினர் பழக வேண்டும். அது வாரக்கணக்கான வேலை. லண்டனிலிருந்து வந்த அழுத்தத்தில் ஜூன் 15 அன்று ஜெர்மன், இத்தாலியப் படைகள் மீது தாக்குதல் தொடங்கியது. மூன்றே நாளில் முடிந்தது, 90-க்கும் மேற்பட்ட டாங்கிகள் போயின. சில நாட்களில் வேவல் இந்தியாவுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்த ஆக்கின்லெக் அவர் இடத்துக்கு வந்தார்.

ஆக்கின்லெக்குக்கும் அதே கதி. தயாராகாமல் தாக்க மாட்டேன் என்று 1941 நவம்பர் 18 வரை காத்திருந்தார். 1942-இல் லிபியாவின் டோப்ரூக் துறைமுகம் எதிரியிடம் விழுந்த பிறகு, செப்டம்பர் நடுப்பகுதிக்கு முன் புதிய தாக்குதல் முடியாது என்றார். ஆகஸ்டில் பதவி போனது. அதன் பிறகு அங்கிருந்த எட்டாவது படையின் தலைமைக்கு வந்த மான்ட்கொமரி எகிப்தின் எல் அலமைனில் தாக்கியது அக்டோபர் 23 அன்று. அதாவது ஆக்கின்லெக் கேட்டதைவிட ஒரு மாதத்துக்கும் மேல் அதிக நேரம் எடுத்துக்கொண்டார், அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் வந்து சேர்ந்தன, கண்ணிவெடி வயலை இரவில் கடக்க முழு நிலவும் கிடைத்தது. தளபதியை மாற்றியதில் மற்ற பலன்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் "எப்போது" என்ற கேள்வியில் சரியாகச் சொன்னவர் பதவி இழந்தவர்தான். இதை மியூசியம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து.

டில் விஷயம் வேறு மாதிரி முடிந்தது. எதற்கும் தயங்குகிறவர் என்று கேலிப்பெயர் வைத்து, 1941 கடைசியில் சர்ச்சில் அவரை நகர்த்தினார். வாஷிங்டனுக்குப் பிரிட்டிஷ் ராணுவக் குழுவின் தலைவராகப் போனவர், அமெரிக்கத் தலைமைத் தளபதி மார்ஷலின் நம்பிக்கையைச் சம்பாதித்து, இரு நாட்டுத் தளபதிகளும் முறைத்துக்கொண்ட போதெல்லாம் நடுவில் நின்று சரிசெய்தார். 1944-இல் இறந்தபோது அமெரிக்கா அவரைத் தன் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தது. பாதையில் அட்லாண்டிக் கடந்த தொலைபேசி அறை வரும்போது இவரை நினைத்துக்கொள்ளுங்கள். கழிவறை போலத் தோன்றும் கதவு, உள்ளே ஒரு சிறிய அடைசலான இடம். லண்டன் நேரமும் வாஷிங்டன் நேரமும் காட்டும் கடிகாரம். பேச்சைக் குழப்பி மறைக்கும் இயந்திரம் மிகப் பெரியதாக இருந்ததால் அதை ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். இந்த அறையின் விளக்கம் மிக நன்றாக அமைந்திருக்கிறது.

பாதையின் பிற்பகுதியில் மேப் ரூம். 1945 ஆகஸ்ட் 16 அன்று விளக்கை அணைத்துவிட்டுப் போன நிலை. போர் முழுவதும் முப்படை அதிகாரிகளும் இரவுபகலாக இங்கே இருந்து, தினமும் நிலவர அறிக்கை தயாரித்தார்கள். அட்லாண்டிக் வரைபடத்தில் கப்பல் தொடர்களை நகர்த்தி நகர்த்திக் குத்திய ஊசித் துளைகள் அடர்ந்து கிடக்கின்றன. பக்கத்தில் சென்று அந்தத் துளைகளைப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் எங்கோ ஒரு கப்பல் இருந்த இடம். தளபதிகள் "முடியாது" என்று சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது இந்தத் துளைகள்தான். கப்பல் எண்ணிக்கையே எல்லா யோசனைகளுக்கும் எல்லை போட்டது.

தளபதிகளின் கூட்ட அறையும் பார்க்கக் கிடைக்கிறது. சுவரில் இருக்கும் வரைபடத்தில் யாரோ ஹிட்லரின் முகத்தைக் கிறுக்கலாக வரைந்திருக்கிறார்கள், தேடினால் கண்ணில் படும். இந்த அறையில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டிய மோதல் 1944 மார்ச்சில் நடந்தது, நம் பக்கத்துக் கடலோடு தொடர்புடையது.

ஜப்பான் பிடித்து வைத்திருந்த சுமத்ராத் தீவின் வடமுனையைப் பிடிக்க வேண்டும் என்பது சர்ச்சிலின் பிடிவாதம். திட்டத்தின் பெயர் கல்வரின். 1943 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைவர்களோடு கனடாவில் கூடிய கியூபெக் மாநாட்டிலேயே அதை எடுத்துவிட்டார். இந்து மாக்கடலிலிருந்து புறப்பட்டு, பிரிட்டன் இழந்த மலாயாவையும் சிங்கப்பூரையும் பிரிட்டனே மீட்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அரசியலாகப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததில் பேரரசின் மானம் போயிருந்தது. தளபதிகளின் பார்வை வேறு. சுமத்ராவில் இறங்கப் போதுமான தரையிறங்கு படகுகள் ஐரோப்பாவில் போர் முடிந்தால்தான் கிடைக்கும். இறங்கினாலும் அங்கிருந்து ஜப்பானுக்கு வழி இல்லை. ஆகவே கடற்படையைப் பசிபிக்குக்கு அனுப்பி, ஆஸ்திரேலியாவைத் தளமாக வைத்து அமெரிக்கர்களோடு சேர்ந்து போரிட வேண்டும் என்றார்கள்.

வாதம் மாதக்கணக்கில் நீண்டது. 1944 மார்ச் 20 அன்று சர்ச்சில் தளபதிகளுக்குத் தனித்தனியாகக் குறிப்பு அனுப்பித் தன் முடிவைத் திணிக்கப் பார்த்தார். மூவரையும் தனியாகப் பிரித்துப் பணிய வைக்கும் முயற்சி அது. தரைப்படையின் புரூக், கடற்படையின் கன்னிங்ஹாம், விமானப்படையின் போர்ட்டல் மூவரும் ஒன்றாகப் பதவி விலகுவதைப் பற்றியே பேசிக்கொண்டார்கள். நார்மண்டி இறக்கத்துக்கு மூன்று மாதமும் இல்லாத நேரம்! அவர்கள் விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் பயம் வருகிறது. விலகவில்லை. சேர்ந்தே பதில் எழுதினார்கள், விட்டுக்கொடுக்கவும் இல்லை. இழுபறி ஆகஸ்ட் வரை போய், செப்டம்பரில் இரண்டாவது கியூபெக் மாநாட்டில் பிரிட்டிஷ் கடற்படையைப் பசிபிக்குக்குத் தருவதாக சர்ச்சிலே முன்வந்ததில் முடிந்தது. அந்த பசிபிக் கடற்படை 1944 நவம்பரில் உருவானது நம் திருகோணமலையில். அங்கிருந்து சிட்னிக்குப் போகும் வழியில், 1945 ஜனவரியில் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை அதன் விமானங்கள் தாக்கின. சுமத்ராவில் பிரிட்டிஷ் படை இறங்காமலேயே, அங்கிருந்த ஜப்பானின் எண்ணெயில் கை வைக்க முடிந்தது.

புரூக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கையிலிருக்கும் பென்சிலை முறித்தபடி "எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லக்கூடியவர். 1942 ஆகஸ்டில் கெய்ரோவில் மத்திய கிழக்குப் படைத் தலைமையை சர்ச்சில் அவருக்கே கொடுக்க முன்வந்தார். எந்தப் போர்வீரனும் ஏங்கும் பதவி. புரூக் மறுத்தார். சர்ச்சிலைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட ஆள் லண்டனில் இருந்தாக வேண்டும் என்பது முக்கியமான காரணம். ஒரு தளபதி நாட்டுக்காகச் செய்த தியாகங்களில் இதை மிகப் பெரியதாக மதிக்கிறோம். அதே புரூக், சர்ச்சில் இல்லாவிட்டால் இங்கிலாந்து தொலைந்திருக்கும் என்றும், அவரால் இங்கிலாந்து பலமுறை அழிவின் விளிம்புக்குப் போனது என்றும் 1944 செப்டம்பரில் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இரண்டுமே உண்மை.

தளபதிகளே எப்போதும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1941-இல் கிரீஸுக்குப் படை அனுப்பியதற்குத் தளபதிகளும் சம்மதித்தார்கள், அது தோல்வியில் முடிந்தது. அதிகாரிகள் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த பல இடங்களில் சர்ச்சில் குத்திக் கிளப்பியதால்தான் வேலை நடந்தது. மறுபக்கம், 1943 இலையுதிர்காலத்தில் ஏஜியன் தீவுகளில் அவர் காட்டிய அவசரம் லெரோஸில் மொத்தப் படையையும் இழக்க வைத்தது. தனி முடிவுகளில் இரு தரப்பும் தவறியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே மறுக்க இடமிருந்த அமைப்பு அந்தத் தவறுகளில் பலவற்றை வடிகட்டியது. அமைச்சரவை அறையில் நாற்காலிகளைப் போட்டிருக்கும் விதத்திலேயே அது தெரிகிறது.

சர்ச்சிலின் படுக்கையறை கடைசிப் பக்கத்தில் வருகிறது. அவர் இங்கே தூங்கிய இரவுகள் மிகக் குறைவு, வானொலி உரைகள் சில இங்கிருந்து போனவை. வேகமாகப் பார்த்துவிட்டு நகரலாம். கஃபே சுமார். கடையில் சுவரொட்டி, கோப்பை வகைகள்தான் அதிகம்.

எங்கள் மதிப்பீடு: அறைகளுக்கு 5-க்கு 5. ஆடியோ கைடுக்கு 4. சர்ச்சில் அருங்காட்சியகத்துக்கு, தளபதிகளின் தரப்பை ஒதுக்கியதற்காக 3. குடும்பத்தோடு போகிறவர்கள் செலவை நினைத்துத் தயங்கினால், லாம்பெத்தில் இருக்கும் இம்பீரியல் வார் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அது ஈடாகாது.

வெளியே வந்ததும் வொயிட்ஹாலுக்கு நடந்து, பாதுகாப்பு அமைச்சகத்துக்கு முன்னால் போங்கள். மான்ட்கொமரி, ஸ்லிம் சிலைகளோடு புரூக்கின் சிலையும் இருக்கிறது, 1993-இல் வைத்தது. காசு கிடையாது. இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் கியூ பகுதியில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தளபதிகள் குழுவின் கூட்டக் குறிப்புகள் கேப் 79 (CAB 79) வரிசையில், பிரதமரின் போர்க்காலக் கோப்புகள் பிரெம் 3 (PREM 3) வரிசையில். வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோக வேண்டும். போர் அமைச்சரவைக் குறிப்புகளான கேப் 65 வரிசையை வீட்டிலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேடல் பெட்டியில் கல்வரின் (Culverin) என்று ஆங்கிலத்தில் அடித்துத் தொடங்குங்கள், 1944 மார்ச் கோப்புகளை முதலில் எடுங்கள்.